ஆக்கான் அரச வாள்: கூர் இல்லாத வாளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேள்வி:
கானாவின் அரசுச் சின்னத்தில் ஒரு கோலும் வாளும் குறுக்காக இருக்கின்றன. அங்குள்ள ஆக்கான் மக்களின் அந்த வகை வாள்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். கைப்பிடியில் தங்கத் தகடு போர்த்திய இரண்டு குண்டுகள், அலகில் ஓட்டைகள், விளிம்பில் கூர் இல்லை. சண்டைக்கு உதவாத வாள் நாட்டுச் சின்னம் வரை எப்படி வந்தது?

பதில்:
வேலை நிமித்தம் கானாவின் குமாசியில், அதாவது அசாந்தே அரசின் தலைநகரில், இருப்பவன் நான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இங்குள்ள மன்னரின் மான்ஹியா அரண்மனையில் அக்வாசிதாயே என்ற விழா நாள் வரும், முடிந்தவரை போய்விடுவேன். வாள் ஏந்துபவர்கள் அலகைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை வெளிப்பக்கம் நீட்டியிருப்பார்கள். வெட்ட நினைப்பவன் அப்படிப் பிடிக்கவே மாட்டான்.

அந்த வாளின் வேலை சத்தியம் வாங்குவது. ஆக்கான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தேக்களின் மன்னருக்குக் கீழுள்ள பெருந்தலைவர்கள் ம்பொன்பொன்சுவோ என்ற வாளைக் கையில் ஏந்தித்தான் அவருக்கு விசுவாசம் கூறுவார்கள். மன்னரும் பதவியேற்கும்போது அதே வாளோடுதான் மக்களுக்கு வாக்குக் கொடுப்பார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது பாதிதான்: ஆள்பவரையும் அது கட்டுகிறது.

கேள்வி கேட்டவர்:
சரி, உறையின் மேல் ஒரு தங்க உருவம் தெரிகிறதே, பாம்பு மாதிரி?

பதில்:
விரியன் பாம்பு, வாயில் இருவாச்சிப் பறவை. தரையில் ஊர்வது, பறப்பதைப் பிடித்துவிட்டது. பொறுமையாகக் காத்திருப்பவனின் பலம் அது. வேறு வாள்களில் மீனைக் கவ்விய முதலை இருக்கும். தேன்மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண்ணும் கரித்தூளும் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் தங்கத்தை ஊற்றுவார்கள். அப்புறம் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றும் தனி.

இன்னொருவர்:
2024-இல் லண்டனிலிருந்து சில பொருட்கள் குமாசிக்கு வந்தனவே, அதில் வாளும் உண்டா?

பதில்:
உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் சேர்ந்து 32 பொருட்களை அனுப்பின, அரச வாள் ஒன்றும் அதில் இருந்தது. பிரிட்டிஷாருடன் நடந்த 1874 போரில் கொள்ளை போனவையும் அவற்றில் உண்டு. ஆனால் எல்லாமே மூன்றாண்டுக் கடன்தான். நிரந்தரமாகக் கொடுக்க அங்குள்ள சட்டம் இடம் தரவில்லை என்கிறார்கள். சட்டத்தை மாற்றலாமே! சத்தியம் செய்யும் வாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் யார் அதை ஏந்தி வாக்குக் கொடுப்பது?