1999 கார்வெட்டில் எல்எஸ்6 மேனிஃபோல்டு உட்கார மறுக்கிறது

நீலக்கூபே:
வணக்கம். என்னுடையது 1999 கார்வெட் கார், எல்எஸ்1 எஞ்சின், மேனுவல் கியர். 2002 இசட்06-லிருந்து (கார்வெட்டின் அதிக பவர் மாடல்) கழற்றிய எல்எஸ்6 எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) ஒன்று கைக்கு வந்தது. பழையதைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தால் அடியில் ஏதோ இடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்? பவர் எவ்வளவு கூடும்?

கிரீஸ்கை:
தம்பி, இடிப்பது ஸ்டீம் பைப், அதாவது கூலண்டில் சேரும் நீராவியை வெளியேற்றும் குழாய். 2000 வரை வந்த எல்எஸ்1-ல் அந்தப் பைப் நான்கு மூலைகளையும் இணைத்து மேனிஃபோல்டுக்கு அடியிலேயே ஓடும். எல்எஸ்6-க்கு வயிறு பெரிது, பைப்புக்கு அங்கே இடமில்லை. 2001 முதல் வந்த, முன்பக்கம் மட்டும் இருக்கும் பைப்பைப் போட்டு, பின்னால் இருக்கும் இரண்டு துளைகளையும் தகடு வைத்து அடைத்துவிடு.

பவரைக் கேட்டாய். 2001-ல் கம்பெனியே எல்எஸ்1-க்கு இந்த மேனிஃபோல்டைப் போட்டது. கார்வெட் 345-லிருந்து 350 குதிரைசக்திக்குப் போனது, அவ்வளவுதான். ஆனால் உயர் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாகத் தெரியும். எனக்கு அதுவே போதும்.

அப்புறம், திறந்துதான் வைத்திருக்கிறாய், மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் நாக் சென்சர் (எஞ்சின் தட்டும் சத்தத்தை உணர்வது) இரண்டையும் இப்போதே மாற்று. என் 2000 மாடலில் பின்பக்கச் சென்சரின் குழியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் நின்றது. ரப்பர் மூடி சுருங்கி, அந்த வழியாக இறங்கியிருக்கிறது. சென்சரின் தலை துருப்பிடித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. அது கெட்டால் கம்ப்யூட்டர் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை) பின்தள்ளிவிடும். மேனிஃபோல்டு கொடுத்த பவர் அதிலேயே போய்விடும். சென்சருக்கு 20 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

மேனிஃபோல்டு நைலான் என்பதை மறக்காதே. கேஸ்கெட் புதிதாகப் போடு. பத்து போல்ட்டையும் நடுவிலிருந்து வெளியே, முதல் சுற்றில் 5, இரண்டாம் சுற்றில் 10 நியூட்டன் மீட்டர். மேனிஃபோல்டை வைக்கும் வரை எஞ்சினின் போர்ட்டுகளை (காற்று நுழையும் துளைகளை) துணியால் அடைத்து வை.

நீலக்கூபே:
நன்றி அண்ணா. பைப், சென்சர், கேஸ்கெட் எல்லாம் மாற்றி ஸ்டார்ட் செய்தேன். ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் வேகம்) 1100 ஆர்பிஎம்மில் நிற்கிறது, பின்பக்கமிருந்து மெல்லிய விசில். பி0171, பி0174 என்று இரண்டு எரர் கோடும் (எஞ்சினின் இரண்டு பக்கமும் லீன் என்று) வந்திருக்கின்றன. கம்ப்யூட்டரை ட்யூன் செய்தால் போய்விடுமா?

இரவுஷெட்:
ட்யூனை அப்புறம் பாருங்கள். இரண்டு பக்கமும் லீன் (பெட்ரோலுக்குக் காற்று அதிகம்) என்றால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. மேனிஃபோல்டின் பின்னாலிருந்து பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்க உதவும் பாகம்) போகும் ஹோஸை விரலால் தடவிப் பாருங்கள்.

நீலக்கூபே:
அதேதான். ஹோஸின் அடிப்பக்கம் நகம் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. விரலால் அழுத்தினேன், விசில் நின்றது. நாளைக்குப் புது ஹோஸ் வருகிறது.