மாணவர் கருத்துப் பக்கம்: நொய்யல், அத்திக்கடவு, விளையாட்டு பத்தி எழுதியிருக்கறேன், எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க

கேள்வி: சுவர்ப்பத்திரிகை

வணக்கமுங்க. திருப்பூர்ப் பக்கம் கல்லூரியில ரெண்டாம் வருசம். எங்க துறைச் சுவர்ப்பத்திரிகையில மாசம் ஒரு பக்கம் நடப்புச் செய்தி பத்தி மாணவர் கருத்து வரும். அடுத்த இதழுக்கு நாலு விசயம் எழுதி வெச்சிருக்கறேன். ஒட்டறதுக்கு முன்னாடி வெவரந் தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லோணும்.

ஒண்ணு, நொய்யல். ஆத்துல நுரை பொங்குனா அது சாயக்கழிவுதான். சாயப்பட்டறைகளை மொத்தமா மூடறது ஒண்ணுதான் வழி.

ரெண்டு, பவானி ஆத்து உபரித் தண்ணியைக் குளங்களுக்குக் கொண்டு வர்ற அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். சுமார் 1,916 கோடி ரூபாய்ல முடிச்சு 2024 ஆகஸ்ட் 17-ல தொடங்குனாங்க. குளமெல்லாம் வருசம் பூரா நெறஞ்சு நிக்கறதில்லை. அதனால திட்டம் தோல்வி.

மூணு, விளையாட்டு. கிரிக்கெட்டுக்குக் குடுக்கற மதிப்பை மத்ததுக்குக் குடுக்கறதில்லை. கிரிக்கெட் பந்து வீசற நடராஜனைத் தெரிஞ்ச அளவுக்கு, பாராலிம்பிக்ல ஒசரம் தாண்டற மாரியப்பனை எங்க பசங்களுக்குத் தெரியலை.

நாலு, பள்ளிக்கூடப் புள்ளை ஒருத்திக்கு நடந்த கொடுமை. ஊர்ப் பேரு, பள்ளிக்கூடப் பேரு போட்டு எழுதியிருக்கறேன். அப்பத்தான் உறைக்கும்.

பதில்: செய்திமேசை

நாலாவதை இன்னிக்கே தாள்ல இருந்து எடுத்துருங்க தம்பி. மத்தது அப்புறம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற போக்சோ சட்டத்தோட 23-ஆம் பிரிவு பேரை மட்டும் தடுக்கலை. முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், அடையாளம் தெரியவெக்கற வேற எதையும் வெளியிடக்கூடாது. மீறுனா ஆறு மாசத்துக்குக் குறையாம ஒரு வருசம் வரைக்கும் சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். சுவத்துல ஒட்டறதுதானேன்னு நெனைக்க வேண்டாம். அதை ஒருத்தர் போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டாப் போதும். பாதிக்கப்பட்டவங்க வயசுக்கு வந்த பெண்ணா இருந்தாலும் இதே கதைதான். 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவோட 72-ஆம் பிரிவு, அதுக்கு முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ.

நெறையப் பேர் பிசகற இடம் ஒண்ணு இருக்குது. பேரை மறைச்சுட்டு, என்ன வகுப்பு, அப்பா என்ன வேலை, எந்த பஸ் நிறுத்தம்னு எழுதுவாங்க. சின்ன ஊர்ல அது பேரைச் சொன்னதுக்குச் சமம். அந்தப் புள்ளை நாளைக்கு அதே தெருவுலதான் நடந்து போகோணும்.

உறைக்கோணும்னா இதை எழுதுங்க: குற்றம் நடந்தது தெரிஞ்சவங்க போலீசுக்குச் சொல்லியே ஆகோணும்னு போக்சோ 19-ஆம் பிரிவு சொல்லுது. சொல்லாம மறைச்சா 21-ஆம் பிரிவுப்படி அதுவே குற்றம். ஊர்ப் பெரியவங்க கூடிப் பேசி முடிச்சு வெக்கறது, பள்ளிக்கூடம் பேரு கெட்டுரும்னு நிர்வாகம் அமுக்கறது, ரெண்டும் இதுல மாட்டும். 1098-ங்கற குழந்தைகள் உதவி எண்ணைப் பக்கத்துல பெருசாப் போடுங்க.

பதில்: ஒரத்துப்பாளையம்

நொய்யல் பத்தி. நுரையைப் பார்த்து இன்னார்னு கை காட்ட முடியாதுங்க. நுரை வர்றது சோப்பு, டிடர்ஜென்ட் மாதிரிப் பொருள்ல இருந்து. வீட்டுச் சாக்கடையில அது தாராளமா இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து வர்ற சுத்தம் பண்ணாத சாக்கடை மழைத் தண்ணியோட சேர்ந்து தடுப்பணையில விழறப்பப் பொங்கும். பட்டறையிலயும் துணியை சோப்புல அலசற கட்டம் உண்டு, அதனால அவங்க பங்கே இல்லைன்னும் சொல்ல முடியாது.

சாயக்கழிவைக் காட்டிக் குடுக்கறது உப்பு. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏத்தறப்ப, நெறம் எவ்வளவு அடர்த்தியோ அதுக்குத் தக்கபடி லிட்டருக்கு 30-ல இருந்து 80 கிராம் வரைக்கும் உப்புப் போடுவாங்க. உப்பு சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுமே தவிர, அது துணியில ஏறாது. போட்டது பூரா கழிவோட வெளிய வந்துரும். சாதாரணச் சுத்திகரிப்புல சுண்ணாம்பு நெறத்தை எறக்கும், பாக்டீரியா அழுக்கைத் தின்னும். உப்பை ரெண்டும் தொடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின்னாடியும் நொய்யல் மேல கட்டுன ஒரத்துப்பாளையம் அணையில உப்புத் தண்ணியே தேங்கி, கீழ இருக்கற காடு தோட்டமெல்லாம் வீணானது இதனாலதான்.

மொத்தமா மூடறதுங்கறது ஏற்கெனவே நடந்ததுங்க. 2011 ஜனவரி 28-ல சென்னை உயர்நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட வெளிய விடாத ஏற்பாடு செய்யற வரைக்கும் மூடச் சொல்லுச்சு. எழுதறப்ப அதுல இருந்து தொடங்குங்க. இப்ப இருக்கற ஏற்பாடு: கழிவை ஆர்ஓ சவ்வுல அழுத்தி நல்ல தண்ணியைப் பிரிக்கறது, மிஞ்சற கெட்டி உப்புத் தண்ணியை ஆவியாக்கற எந்திரத்துல காய்ச்சி உப்பா எடுக்கறது, தண்ணி, உப்பு ரெண்டையும் திரும்பச் சாயத்துக்கே விடறது.

ஓட்டை விழற இடம் மூணு. காய்ச்சற கட்டத்துலதான் கரண்டும் விறகும் நெறையாத் தின்னும். ஆர்டர் கொறையற காலத்துல அதை நிறுத்தத்தான் மொதல்ல கை போகும். அடுத்தது கலப்பு உப்பு. சல்பேட், குளோரைடு, சாயம் எல்லாம் ஒண்ணாக் கலந்து கட்டியாகிப் போனது சாயத்துக்கு ஆகாது; மூட்டை மூட்டையா ஷெட்டுல கெடக்கும், மழை பட்டா மறுபடி கரையும். மூணாவது, எந்த நிலையத்தோடயும் சேராத அனுமதியில்லாத பட்டறை. உங்க கருத்து இந்த மூணுல ஒண்ணைப் பிடிச்சு, ராத்திரியில யார் கண்காணிக்கறாங்க, கலப்பு உப்பு எங்க போகுதுன்னு கேக்கட்டும். வெறுமனே மூடுன்னு எழுதுனா அங்க வேலை செய்யற பல ஆயிரம் பேருக்கு என்ன வழின்னு ஒருத்தர் கேட்டதும் நின்னு போயிரும்.

தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பைக் காட்டற, கைக்கு அடக்கமான டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி நீங்களே பார்க்கலாம். ஆறு மேக்க இருந்து கிழக்க ஓடுது. ஊருக்கு மேக்க ஒரு இடம், ஊருக்குள்ள ஒண்ணு, கிழக்க ஒண்ணுன்னு ஒரே நாள் காலையில எடுங்க. பாட்டிலை அந்தந்த இடத்துத் தண்ணியிலயே மூணு தரம் அலசோணும். ஓரத்துல தேங்கி நிக்கறதை எடுக்கக்கூடாது, ஓடற தண்ணி வேணும். மழைக்கு மறுநாள் எடுத்தா மழைத் தண்ணி கலந்து உப்புக் கொறைச்சலாக் காட்டும். கடைசியா என்னிக்கு மழைன்னு எழுதி வைங்க. மீட்டர் அளக்கறது மின்கடத்துதிறனை, அதை ஒரு எண்ணால பெருக்கித்தான் டிடிஎஸ்ஸாக் காட்டும். அந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும்ங்கறதால மூணு இடத்துக்கும் ஒரே மீட்டர்தான். ஒப்பிட்டுப் பார்க்க: கழிவுநீர் வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். குடிதண்ணிக்கு 500, வேற வழியே இல்லைன்னா 2,000. நெறத்தை நம்பாதீங்க. தெளிஞ்ச தண்ணியில உப்பு ஏகத்துக்கு இருக்கும், செவந்த தண்ணியில கொஞ்சமா இருக்கும்.

பதில்: கடைமடை

அத்திக்கடவுக்குக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் தோல்வியா வெற்றியான்னு எழுதுங்க.

திட்டத்துக்கு ஒதுக்குனது வருசத்துக்கு 1.5 டிஎம்சி. பவானி ஆத்துல காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ போற உபரித் தண்ணி. விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுக்கறதுதான் ஏற்பாடு. 250-ஐ 86,400-ஆல பெருக்கி, அதை 70-ஆல பெருக்குங்க: 151 கோடி கன அடி. 100 கோடி கன அடி ஒரு டிஎம்சி. கணக்கு ஒத்துப் போகுது. ஆக, திட்டத்துல இருக்கற 6 நீரேற்று நிலையமும் வருசத்துல 70 நாள்தான் ஓடும், அதுவும் உபரி இருந்தா. வருசம் பூரா நெறஞ்சு நிக்கும்னு திட்டத்துலயே யாரும் வாக்குக் குடுக்கலை.

அடுத்தது, குளம் 1,045. சராசரி போட்டா ஒரு குளத்துக்கு 14 லட்சம் கன அடிச் சொச்சம், சுமார் 4 கோடி லிட்டர். பெரிய ஏரிக்கும் ஊர்க் குட்டைக்கும் சராசரி ஒண்ணாகாது, ஆனா அளவு புரியும். பயன்பெறும்னு சொன்ன நிலம் 24,468 ஏக்கர். 150 கோடி கன அடியை அந்த ஏக்கர்ல பரப்புனா ஒண்ணரை அடி ஒசரம்கூட வராது. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு நாலு அடி வாக்குல வேணும். அப்ப இது வாய்க்கால் பாசனத்துக்கான தண்ணியே இல்லை. கெணத்துக்கும் போருக்கும் ஊத்துக் குடுக்கறதுக்கான தண்ணி.

இதுல இருந்துதான் உங்க கருத்து தலைகீழாகுது. குளம் வத்துறது தோல்வி ஆகாது. தண்ணி கீழ எறங்கியிருந்தா அதுதான் திட்டத்தோட நோக்கமே. வத்தாம மாசக்கணக்குல நிக்கற குளத்தைத்தான் சந்தேகப்படோணும்: அடியில வண்டல் படிஞ்சு அடைச்சிருக்கும், வெயில்ல ஆவியாகித்தான் கொறையும். கோடையில நாளைக்கு 5 மில்லிமீட்டர் போகுதுன்னு வெச்சாலும் நூறு நாள்ல அரை மீட்டர் காத்துல போயிரும்.

அளக்க வேண்டியது குளத்தை இல்லைங்க, கெணத்தை. குளத்துக் கரையில இருந்து அரைக் கிலோமீட்டருக்குள்ள ஒரு தொறந்த கெணறு, மூணு கிலோமீட்டர் தள்ளி ஒண்ணு. ராத்திரி பூரா மோட்டார் ஓடாம இருந்து விடியக்காலையில, கவுத்துல கல்லுக் கட்டி, கெணத்து மேட்டுல ஒரே அடையாளத்துல இருந்து அளங்க. மோட்டார் ஓடுனதுக்கு அப்புறம் அளந்தா மட்டம் எறங்கித்தான் காட்டும். மாசம் ஒரு தேதி வெச்சு ஒரு வருசம் எழுதுனா, தூரத்துக் கெணறு ஏறாம கரையோரக் கெணறு மட்டும் ஏறியிருக்குதான்னு தெரியும். ரெண்டும் சேர்ந்து ஏறியிருந்தா அது மழையோட வேலை.

விமர்சிக்க எடமில்லைன்னு அர்த்தமில்லை. எந்தக் குளத்துக்கு எத்தனை நாள் தண்ணி விட்டாங்க, தூர் வாராத குளத்துல விட்டது எவ்வளவு, குழாய்க் கடைசியில இருக்கற குட்டைக்கு அழுத்தம் எட்டுச்சா, இதெல்லாம் கேக்க வேண்டிய கேள்வி. அறுபது வருசத்துக்கு மேல மூணு மாவட்டத்துச் சனம் கேட்டு வாங்குன தண்ணி இது. ஒரு வரியில தோல்வின்னு முடிச்சுப் போடக்கூடாது.

பதில்: நீளம்தாண்டல்

விளையாட்டு. மதிப்புக் குடுக்கறதில்லைங்கறதை யாரும் அளக்க முடியாது, அதனால யாரும் பதில் சொல்லத் தேவையுமில்லை. நடராஜனோட சின்னப்பம்பட்டி, மாரியப்பனோட பெரியவடகம்பட்டி ரெண்டுமே சேலம் மாவட்டத்துக் கிராமம். அங்கிருந்து மேல போன ஏணியை ஒப்பிடுங்க.

நடராஜன் டென்னிஸ் பந்துல ஆடி, தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கு (டிஎன்பிஎல்) வந்து, 2017 ஐபிஎல் ஏலத்துல பஞ்சாப் அணிக்கு 3 கோடிக்குப் போனார். 2020 டிசம்பர் 2-ல கான்பெராவுல ஒருநாள் ஆட்டம், ரெண்டு நாள் கழிச்சு டி20, 2021 ஜனவரி 15-ல பிரிஸ்பேன்ல டெஸ்ட். கிரிக்கெட்ல கிராமத்துப் பையனைத் தேடறதுக்குத் தனியார் பணம் சுத்திட்டே இருக்குது. ஒசரம் தாண்டறவங்களுக்கு மொத ரெண்டு படி அரசாங்கத்தோடது: பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர், மாவட்ட மைதானம். மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவுல 1.86 வெள்ளி, 2024 பாரிஸ்ல 1.85 வெண்கலம். எழுதறப்பக் கவனிங்க: மாற்றுத்திறனைப் பொறுத்துப் பிரிக்கற போட்டிப் பிரிவு ரியோவுல டி42, அடுத்த ரெண்டுலயும் டி63. டோக்கியோ 2020-ங்கறது நடந்தது 2021-ல.

அதனால உங்க மாவட்ட மைதானத்துக்குப் போயி ஒசரம் தாண்டற மெத்தையைப் பாருங்க. பெரிய போட்டிக்கு 6 மீட்டருக்கு 4 மீட்டர், 70 சென்டிமீட்டர் ஒசரம் வேணும். மழையில கெடந்த மெத்தை தண்ணி குடிச்சுக் கெட்டியாகிரும், முதுகுல விழப் பசங்க பயப்படுவாங்க. மெத்தை இல்லாத பள்ளிக்கூடத்துல மணல் குழியில கத்தரிக்கோல் மொறையிலதான் தாண்டப் பழகுவாங்க. காலோட பழக்கம் ஊறிப் போனதும் முதுகு வழியாத் தாண்டற மொறைக்கு மாத்தறது நெம்பச் சிரமம். கேட் எத்தனை மணிக்குத் தொறக்குது, பொம்பளப் புள்ளைகளுக்குத் துணி மாத்த எடம் இருக்குதா, சக்கர நாற்காலி உள்ள போகுமா, இதையும் குறிச்சுக்குங்க.

சுவர்ப்பத்திரிகை

நாலாவதை எடுத்துட்டேனுங்க. ஊரு பேரு இல்லாம 19, 21-ஆம் பிரிவு பத்தி எழுதறேன். குளத்துக்கு விட்ட தண்ணிக் கணக்கை எப்படிக் கேக்கறது?

பதில்: செய்திமேசை

தகவல் உரிமைச் சட்டத்துல 6-ஆம் பிரிவு மனு. நீர்வளத்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு, வெள்ளைத் தாள்ல, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. எதுக்குக் கேக்கறீங்கன்னு காரணம் எழுத வேண்டியதில்லை. தப்பான அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் 6(3) பிரிவுப்படி அஞ்சு நாள்ல அவங்களே மாத்தி அனுப்போணும்.

ஏன் தண்ணி விடலைன்னு கேட்டா மனு வீணாகிரும். கையில இருக்கற பதிவேட்டைத்தான் அவங்க குடுக்கோணும், விளக்கம் குடுக்கற கட்டாயம் இல்லை. இப்படி எழுதுங்க: "17.8.2024 முதல் இம்மனு கிடைக்கும் நாள் வரை, இன்ன ஊராட்சி ஒன்றியத்திலுள்ள குளங்களுக்கு நாள்வாரியாக விடப்பட்ட நீரின் அளவு பதிவான பதிவேட்டின் நகல்." ஒரு ஒன்றியத்தோட நிறுத்திக்குங்க, 1,045 குளத்துக்கும் கேட்டா, திரட்டறதுக்கே ஆள் போதாதுன்னு எழுதி அனுப்புவாங்க. பதிவேட்டை நேர்ல பார்த்துக் குறிப்பெடுக்கவும் அனுமதி கேட்டு ஒரு வரி சேர்த்துக்குங்க.

30 நாள்ல பதில் வரோணும். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே துறையில மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதுவும் ஆகலைன்னா 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். இதழ் தேதிக்குள்ள பதில் வராது, அதனால இந்த மாசம் விளையாட்டை ஒட்டுங்க. மனுவை நாளைக்கே போட்டுருங்க.