நகரக் கூட்டுறவு வங்கியின் விசாரணை மேசையில் 33 ஆண்டுகள்: பணி ஓய்வு விழாவில் எதைச் சொல்வது?

தென்றல் (கேள்வி)

வணக்கம். என் சித்தி எங்கள் ஊர் நகரக் கூட்டுறவு வங்கியில் 1990 நவம்பரில் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்து, 1992 நவம்பரில் நிரந்தரமாகி, வருகிற 2024 ஜூன் 30 அன்று ஓய்வு பெறுகிறார். பதிவேட்டில் அவர் ‘உதவியாளர்’ என்றாலும், ஏறத்தாழ முழுக் காலமும் வாசலுக்கு நேரே, ‘விசாரணை’ என்று பலகை வைத்த மேசையில்தான் அமர்ந்திருந்தார். விழாவில் குடும்பத்தின் சார்பில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். வங்கியில் அச்சிட்டிருக்கும் வாழ்த்து மடலில் இன்முகம், பொறுமை, கனிவு என்பவை தவிர வேறொன்றும் இல்லை; பெயரை மாற்றினால் எந்த ஊர்ப் பெண் ஊழியருக்கும் அது பொருந்தும். சித்தியிடமே கேட்டால், “வந்தவங்களுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்” என்கிறார். அந்த மேசையில் உண்மையில் என்ன வேலை நடந்தது என்பதை வங்கிப் பணியில் இருந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பேரேடு

வேறோர் ஊரின் கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1904-இல் காஞ்சிபுரத்தில் பதிவான முதல் நகரக் கடன் சங்கத்திலிருந்தே நம் வங்கிகளின் அடிப்படை, உறுப்பினர்தான் உரிமையாளர் என்பது. ஆகவே விசாரணை மேசைக்கு வருபவர் பாஸ்புக்கை மட்டும் நீட்டுவதில்லை. பங்குத்தொகைக்கு ஈவு (லாபப் பங்கு) ஏன் வரவில்லை, பேரவைக் கூட்ட அழைப்பு ஏன் கிடைக்கவில்லை என்றும் அதட்டிக் கேட்பார். அவருக்குப் பதில் சொல்வது வேறு வகைப் பயிற்சி.

கணினி வருவதற்கு முன், பணம் எடுக்கும் சீட்டோடு பேரேட்டுப் பக்க எண்ணையும் எழுதினால்தான் வேலை விரைவாக நடக்கும். எங்கள் வங்கியில் அந்த மேசையில் இருந்த அம்மையாருக்கு நூற்றுக்கணக்கான கணக்குகளின் பக்க எண்கள் மனப்பாடம். மேசைமேல் மைப்பெட்டியும், கயிற்றில் கட்டிய பேனாவும், வெள்ளெழுத்து உள்ளவர்களுக்காக அவர் தம் செலவில் வாங்கி வைத்த மூக்குக்கண்ணாடி ஒன்றும் இருக்கும். அந்தக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் சுற்றியிருந்தது. பெரியவர்கள் அதை மாட்டிக்கொண்டுதான் சீட்டைப் படிப்பார்கள்.

கணக்கு வைத்தவர் இறந்தால் பணம் யாரிடம் போக வேண்டும் என்று எழுதித் தரும் நாமினி படிவத்தைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். அதற்கான விதிகள் 1985-இல் வந்தன. ஆனாலும் பலர், இறப்பைப் பற்றிய பேச்சு என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். பிறகு கணக்கு வைத்தவர் போய்விட்டால், குடும்பத்தார் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு இரண்டு சாட்சிகள் தேவை என்பதால், வரிசையில் நிற்பவர்களையே அழைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதும் அந்த மேசையின் வேலைதான்.

கடுமையான நாட்கள் இரண்டைச் சொல்வேன். 2015 ஜூன் 1 முதல் உறுப்பினர்களின் வைப்புத்தொகை வட்டிக்கும் வருமான வரி பிடித்தம் தொடங்கியபோது, “என் வங்கியே என் வட்டியில் கை வைக்கிறதா” என்று கேட்டவர்களிடம் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதித் தரும் 15ஜி, 15எச் படிவங்களை விளக்கியது யார்? 2016 நவம்பரில் பழைய நோட்டு மாற்றும் உச்சவரம்பு ஒன்பது நாட்களுக்குள் 4,000, 4,500, 2,000 என்று மாறியது. போதாக்குறைக்கு, நவம்பர் 14 அன்று மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளில் பழைய நோட்டு வாங்குவது நிறுத்தப்பட்டதும், கூட்டுறவு என்ற பெயரைப் பார்த்து எங்களிடமும் வாங்கமாட்டார்கள் என்று மக்கள் பதறினார்கள். இரண்டும் வேறு என்பதை நாள் முழுதும் சொன்னவருக்கு மாலையில் குரலே இல்லை.

கவுண்டர்_மூன்று

பேரேடு ஐயா எழுதியது அனைத்தும் உண்மையே. ஆனால் மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். நானும் ஆறு ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தேன். பேச்சுத்திறன் இருக்கிறது என்று பாராட்டியே ஒருவரை அங்கே நிறுத்திவைத்தால், அவர் காசாளர் கவுண்டரையும் நகைக்கடன் பிரிவையும் பார்க்கவே முடியாது. பதவி உயர்வு வரும்போது ‘கடன் பிரிவில் அனுபவம் இல்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள். நான் சண்டையிட்டு நகைக்கடனுக்கு மாறினேன். உங்கள் சித்தி ஏன் கடைசி வரை உதவியாளராகவே இருந்தார் என்று அவரிடம் கேட்டீர்களா? விழாவில் அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

கணக்கன்

உரை இருக்கட்டும், பணிக்கொடையை (கிராஜுவிட்டி) எந்த நாளிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர் ஓய்வு பெறும் 2024-இல் நடப்பில் உள்ள 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஆண்டுக்கு 240 நாட்கள் வேலை செய்திருந்தால் தற்காலிகப் பணியும் தொடர்பணியாகச் சேரும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகும். எடுத்துக்காட்டாக, கடைசி அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 52,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, ஓராண்டுக்கு 30,000 வரும். 1990 முதல் என்றால் 34 ஆண்டுகள், 10,20,000 ரூபாய். 1992 முதல் என்றால் 32 ஆண்டுகள், 9,60,000 ரூபாய்தான்.

தென்றல்

மூவருக்கும் நன்றி. அலுவலகக் கணக்கு 1992-இலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. பழைய வருகைப்பதிவின் நகல்களைச் சித்தி ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை இணைத்து நேற்று மனுக் கொடுத்தோம். பதவி உயர்வு பற்றிக் கேட்டபோது, 2004-இல் ஒருமுறை கேட்டதாகவும், “நீங்கள் எழுந்து போனால் வாசலை யார் பார்ப்பது” என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். அதை மேடையில் சொல்லச் சம்மதித்திருக்கிறார், ஆனால் யார் சொன்னது என்று சொல்லக் கூடாதாம். மனுவை வாங்கிய தம்பி, “நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா” என்று அதை மேசை இழுப்பறையில் வைக்கப் போனார். சித்தி நகலை நீட்டி, பெறப்பட்டது என்ற முத்திரையும் தேதியும் விழும் வரை அங்கேயே நின்றார்.