இதயநோய், பக்கவாதத் தடுப்புத் திட்டம்: அனுபவமுள்ள செவிலியர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சமுதாய நலச் செவிலியரான நான், இதயநோயையும் பக்கவாதத்தையும் தடுக்கும் நோக்கில், 40 வயதைக் கடந்தவர்களுக்கென ஓராண்டுத் திட்டம் ஒன்றை வகுத்துவருகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, புகையிலையைக் கைவிடுதல் ஆகியவற்றைக் கற்பிப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

என்னைத் தடுமாற வைப்பது இரத்த அழுத்தக் கண்காணிப்புதான். முன்னோட்டமாகச் சென்ற ஒரு வீட்டில், மாடிப்படி ஏறி வந்த அம்மா ஒருவருக்கு உடனே அளந்தபோது 168/96 காட்டிய கருவி, அவரை முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் அமரவைத்த பின் 138/86 காட்டியது. (முதல் அளவை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பியிருப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

மாறாக, அழுத்தம் உண்மையிலேயே 140/90-ஐத் தாண்டியும், தலைவலி இல்லையே என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்களே எனக்குப் பெருங்கவலை.

ஒருவரை மருத்துவரிடம் அனுப்புமுன் எத்தனை நாள்களில் எத்தனை முறை அளக்கிறீர்கள்? மருந்தை நிறுத்தியவர்களைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் தொடரவைக்க எந்த அணுகுமுறை பலனளித்தது? ஆண்டிறுதியில் திட்டத்தை மதிப்பிட, அழுத்தம் கட்டுக்குள் வந்தோரின் விகிதம் மட்டும் போதுமா? வீடுகளுக்குச் சென்று பார்க்கும்போது நீங்கள் நிரப்பும் படிவத்தின் மாதிரி இருந்தால், அதையும் பகிர வேண்டுகிறேன்.