கழற்றியெடுத்த மெமரி சிப்பும் அர்டுயினோவும்: மறக்க முடியாத ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

காவேரிப்பட்டணத்தான்:

ஒரு 5 கிலோ எடைக்கல் இரண்டு ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. மாங்காய் மண்டி நடத்தும் என் பெரியப்பா, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோன எலக்ட்ரானிக் தராசை இனி உதவாது என்று என்னிடம் கொடுத்துவிட்டார். அதன் போர்டில் இருந்த 24சி02 என்ற மெமரி சிப்பைக் கழற்றி, தரவு செல்லும் அதன் எஸ்டிஏ காலை, நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிறு பலகையான அர்டுயினோ ஊனோவின் ஏ4-க்கும், கடிகாரத் துடிப்பு செல்லும் எஸ்சிஎல் காலை ஏ5-க்கும் கொடுத்து, இரண்டையும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுடன் இணைத்தேன். சிப்பின் 256 பைட்டும் கணினித் திரையில், அர்டுயினோ அனுப்புவதைக் காட்டும் சீரியல் மானிட்டரில் வந்து நின்றன. முதல் இரண்டு வரிகளில் பொருள் விளங்காத எண்கள், மற்றவையெல்லாம் எஃப்எஃப், அதாவது எதுவும் எழுதப்படாத வெற்றிடம். அவற்றைப் படியெடுத்து வைக்காமலேயே, எழுதவும் முடிகிறதா என்று அறியும் ஆவலில், 0 முதல் 255 வரை எழுதி நிரப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வேறொரு டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்துவிட்டதாகப் பெரியப்பா சொன்னார். சிப்பை மீண்டும் பற்றவைத்துக் கொடுத்தேன். அவர் எடைக்கல்லைத் தட்டில் வைத்தார், தராசு 1.340 என்று காட்டியது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லாமல், கல்லை எடுத்துத் துண்டால் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தார். நான் அழித்த அந்த இரண்டு வரிகள்தாம் தராசின் அளவுத்திருத்தம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஓசூர் சிப்காட்:

தம்பி, தராசின் அளவுத்திருத்தத்தைச் சரியான எடைக்கல் ஒன்றை வைத்து மீண்டும் பதிந்துவிடலாம். அதற்காக இரண்டு ஆண்டு வருந்த வேண்டியதில்லை. எனக்கு நேர்ந்தது திரும்பப் பெற முடியாத இழப்பு. பழைய செட்டாப் பாக்ஸிலிருந்து எடுத்த 25கியூ64 என்ற மெமரி சிப்பை ஊனோவில் இணைத்து அடையாள எண்ணைக் கேட்டபோது, இஎஃப் 40 17 என்று பதில் வந்தது. இஎஃப் என்பது சிப்பைத் தயாரித்த வின்பாண்ட் நிறுவனத்தைக் குறிக்கும். பதினாறடிமான (பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடிப்படையாகக் கொண்டு எண்ணும்) 17 என்பது நம் வழக்கமான 23, அதாவது இரண்டின் 23-ஆம் அடுக்கான 8 மெகாபைட். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் என்று மட்டுமே வந்தது. அதன் பிறகு அந்தச் சிப் பேசவேயில்லை.

மின்சாரத்தை 3.3 வோல்ட்டில் கொடுத்தேனே தவிர, ஊனோவின் கால்களிலிருந்து வரும் சைகை 5 வோல்ட் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தச் சிப்பின் எந்தக் காலும் அதன் மின்னழுத்தத்துக்கு மேல் 0.4 வோல்ட் வரைதான் தாங்கும். ஆகவே இதைப் படிப்பவர்கள் ஊனோவின் 10, 11, 13 ஆகிய மூன்று கால்களிலிருந்து வரும் கம்பிகளுக்கு 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள். சிப்பிலிருந்து 12-ஆம் காலுக்கு வரும் கம்பியை நேரடியாகவே இணைக்கலாம், ஏனெனில் 3.3 வோல்ட்டை ஊனோ ஒன்று என்றே படித்துக்கொள்ளும். சிப்பை இடையில் நிறுத்திவைக்கும் ஹோல்டு காலையும் எழுதுதடைக் காலையும் அந்தரத்தில் விடாமல் 3.3 வோல்ட்டில் கட்டுங்கள். எழுதுவதற்கு முன் 4 கிலோபைட் பகுதியை முழுமையாக அழிக்க வேண்டும். ஒன்றைப் பூஜ்யமாக்க மட்டுமே எழுதும் கட்டளையால் முடியும், பூஜ்யத்தை ஒன்றாக்க முடியாது.

பாலக்கோட்டுத் தக்காளி:

ஓசூர் அண்ணா சொன்னதை நான் ஏற்கவில்லை. வியாபாரத் தராசில் அளவுத்திருத்தம் நம் விருப்பத்துக்குச் செய்யக்கூடியதன்று. முத்திரையைப் பிரித்தால் 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி அதிகாரியிடம் மறுபடியும் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். காவேரிப்பட்டணத்தார் வருந்துவதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய போர்டிலிருந்து 24சி256 மெமரி சிப்பைக் கழற்றி, தக்காளித் தோட்டத்தின் வெப்பநிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிய வைத்தேன். அளவு ஒன்றுக்கு இரண்டு பைட் வீதம், பதினைந்து அளவுகளைச் சேர்த்து 30 பைட்டாக எழுதினேன்; சிப்போடு பேச ஊனோ பயன்படுத்தும் வயர் என்ற நிரல் நூலகம், எழுத வேண்டிய இடத்தின் முகவரியையும் சேர்த்து ஒரே முறையில் 32 பைட்டுக்கு மேல் அனுப்பாது. மாலையில் படித்துப் பார்த்தால், விடியற்காலை 6 மணிக்குரிய இடத்தில் 36 டிகிரி இருந்தது. பனி விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் நான் செடிகளுக்கு நடுவில்தான் நின்றிருந்தேன்! அந்தச் சிப்பின் நினைவகம் பக்கங்களாகப் பிரிந்தது, ஒரு பக்கம் 64 பைட் கொண்டது. 60-ஆம் பைட்டில் தொடங்கிய மூன்றாம் தொகுதி நான்கு பைட்டிலேயே பக்கத்தின் எல்லையைத் தொட்டு, அடுத்த பக்கத்துக்குப் போகாமல், அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி விடியற்காலையின் மேல் நண்பகலை எழுதிவிட்டது. அன்றைய குளிர் எவ்வளவு என்பது இனி யாருக்கும் தெரியாது.

பென்னாகரம் 74:

என் சிப் டிவியிலிருந்து எடுத்த 24சி16. முகவரி தேடும் நிரலை ஓட்டியபோது, பதினாறடிமான 50 முதல் 57 வரை எட்டு முகவரிகளிலிருந்தும் பதில் வந்தது. ஒற்றைச் சிப்தான் இணைத்திருந்தேன் என்பதால் திகைத்துப்போய் ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்த்தேன். தன் 2 கிலோபைட்டை 256 பைட் கொண்ட எட்டுத் துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு முகவரியாக அது எடுத்துக்கொள்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதே இரண்டு கம்பிகளில் டிஎஸ்3231 கடிகார மாட்யூலையும் சேர்த்தபோது மணி சரியாகத்தான் காட்டியது. ஆனால் எட்டாம் துண்டில் எழுதியது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகத் திரும்பி வந்தது, ஏனெனில் அந்த மாட்யூலில் இருந்த 24சி32 மெமரி சிப்பும் 57-இல்தான் உட்கார்ந்திருந்தது.