1990 மியாட்டா காரில் 1.8 லிட்டர் இன்ஜின் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

என்னிடம் இருப்பது 1990 மாடல் மஸ்டா மியாட்டா, அதே பழைய 1.6 லிட்டர், 116 குதிரைசக்தி. கிராங்க் மூக்கு (புல்லி மாட்டும் கிராங்க் தண்டின் முன்முனை) குட்டையாக இருக்கும் ஆரம்ப ரகம் என்பதால் புல்லியைப் பிடித்து நிறுத்தும் கீ பள்ளம் தேய்ந்து, ஐடிலில் புல்லி தலையாட்டுவது கண்ணுக்கே தெரிகிறது. லாக்டைட் பசை போட்டு ஒப்பேற்ற மனமில்லை.

1999 மாடலின் 1.8 இன்ஜின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மவுண்டில் உட்கார்ந்துவிடும், அது பிரச்சினை இல்லை. தலைவலி ஈசியூதான், அதாவது இன்ஜினை இயக்கும் கணினி. பழையது ஹெட்டின் பின்னாலிருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரை (இன்ஜின் சுழலும் நிலையைச் சொல்வது) நம்பி ஓடுகிறது, புதிய இன்ஜினில் அது கிடையாது, கிராங்குக்கும் கேமுக்கும் தனித்தனி சென்சார். அப்புறம் உள்ளே போகும் காற்றை அளக்கும் அந்தக் கதவு வைத்த ஏர்ஃப்ளோ மீட்டர், மூச்சை அடைக்கிற சனியன், அதையும் கழற்றி எறிய ஆசை.

அதனால் பழைய ஈசியூவுக்குப் பதில், நாமே செட்டிங் மாற்றிக்கொள்ளக்கூடிய மெகாஸ்க்விர்ட் ஈசியூ போடலாமா என்று யோசிக்கிறேன். 1999 இன்ஜினின் சென்சார்களையே வயரிங்கில் இழுத்துக் கொடுத்தீர்களா, இல்லை பழைய சென்சாரையே புது ஹெட்டில் பொருத்தினீர்களா? என் த்ராட்டிலில் இருப்பது வெறும் சுவிட்ச்தான், முழு அளவு காட்டும் சென்சாராக எதை மாட்டினீர்கள்? சின்ன 1.6 டிஃபரன்ஷியல் இதைத் தாங்குமா, இப்போதே மாற்றிவிடட்டுமா?

வயரிங் படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அனுப்புங்கள். கார் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.