சின்னக் கட்சிக்குத் தனிக்கட்டுரை தகுமா? கையாண்ட ஆக்கள் சொல்லுங்கோ

உட்துறைமுக வீதி:
1972 மே மாதம் எங்கட திருகோணமலையில கூடித்தான் தமிழர் கூட்டணி அமைஞ்சது. தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், தொழிலாளர் காங்கிரஸ் மூண்டிலும் சிக்கல் இல்லை. கூடச் சேர்ந்த ஈழத்தமிழர் ஒற்றுமை முன்னணி, அகில இலங்கைத் தமிழர் மாநாடு ரெண்டுக்கும் கலைக்களஞ்சியத்தில தனிக்கட்டுரை தகுமா? இப்படியான கட்சிகளில எங்கே சறுக்கும் எண்டு எழுதுங்கோ.

கன்னியா:
அண்ணை, கூட்டணி அமைஞ்சதைச் சொல்லிக் கட்சிப் பெயர்களை அடுக்கி "ஆகிய கட்சிகள் ஒன்றுகூடின" எண்டு முடியிற வசனத்தை முதல்ல ஒதுக்கி வையுங்கோ. அது பத்துப் புத்தகத்தில இருந்தாலும் ஒரு சான்றுதான். ஒண்டைப் பார்த்து ஒண்டு எழுதினது. பிறகு வெறுந்தாளில நாலு வசனம் எழுதிப் பாருங்கோ: ஆர் தொடங்கினது, என்ன கேட்டது, எந்தத் தேர்தலில எந்தத் தொகுதியில நிண்டது, பிறகு என்ன ஆனது. ஒவ்வொண்டுக்கும் கட்சிக்கு வெளியில உள்ள ஒருவர் எழுதின சான்று வேணும். பெரும்பாலும் ரெண்டாவதிலயும் நாலாவதிலயும்தான் கை வெறுங்கையாகும். அப்ப தனிக்கட்டுரை வேண்டாம்.

ஒற்றுமை முன்னணியில இன்னொரு பொறி இருக்கு. அது சி. சுந்தரலிங்கம் தொடங்கினது. அவர் 1947இல வவுனியா எம்.பி., முதல் அமைச்சரவையில வர்த்தக அமைச்சர். அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கும், முன்னணி அதுக்குள்ள ஓரிரு வரியில வந்து போகும். தலைவருக்கு உள்ள சான்றுகளைக் கட்சிக் கட்டுரையில கொண்டுவந்து கொட்டினால் பார்க்க நிறைவாத்தான் தெரியும். அவர் பெயர் வரும் வசனங்களை வெட்டிப்போட்டு மிச்சத்தை எண்ணிப் பாருங்கோ.

பழைய தாள்:
"கட்சியின் ஸ்தாபகத் தலைவர்" எண்டு அந்தியேட்டிக் கல்வெட்டில, அதாவது செத்தவரின்ர நினைவு மலரில, போட்டிருக்கும். குடும்பத்தார் அச்சடிச்சது அது. பிறந்த தேதிக்கும் ஊருக்கும் எடுக்கலாம், கட்சியின் முக்கியத்துவத்துக்கு எடுக்கேலாது. சுதந்திரன் பத்திரிகையும் அப்படித்தான்: தமிழரசுக் கட்சியின்ர குரல், அந்தக் கட்சிக்குச் சுயாதீன சான்று ஆகாது. ஆனால் எதிர்க்கட்சி ஒண்டைச் சுதந்திரன் நாலு கிழமை விடாமல் திட்டியிருந்தால், அந்தக் கட்சி கவனிக்கப்பட்டது எண்டு காட்டும். தொனியை மட்டும் கட்டுரைக்குள்ள கொண்டு வராதேங்கோ. வீரகேசரி, தினகரனில கூட்ட அறிவித்தல் வந்திருந்தால் அது கட்சிக்காரர் குடுத்தது. நிருபர் எழுதின செய்தியா எண்டு பாருங்கோ.

தேடுறதிலயும் கவனம். பழைய அச்சில "லை", "ணை", "னை" எல்லாம் தும்பிக்கை வைச்ச எழுத்து. ஸ்கேன் பண்ணின பக்கத்தை எழுத்தாக மாற்றும்போது "விடுதலை", "தலைவர்" குழம்பிப் போகும். தேடல் பெட்டி ஒண்டுமில்லை எண்டு சொல்லும். தேர்தலுக்கு முன்னும் பின்னும் ரெண்டு மாத இதழ்களைக் கண்ணால புரட்டுறதுதான் வழி. "தமிழர்", "தமிழ்" ரெண்டையும், ஆங்கில எழுத்துக்கூட்டல் நாலைஞ்சையும் போட்டுத் தேடுங்கோ.

மூதூர்க் கரை:
வாக்குக் கணக்கில கை வைக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. மூதூர் முந்தி இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1970இல தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீதும் ரெண்டு பேருமே அங்க தெரிவானவை. ஒரு வாக்காளருக்கு ரெண்டு வாக்கு. கணக்குக்கு 20,000 பேர் ரெண்டையும் போட்டால் 40,000 வாக்கு. அதில சின்னக் கட்சி ஒண்டு 2,000 எடுத்தால் "5 சதவீத மக்கள் ஆதரவு" எண்டு எழுதிப்போடுவினம். அது வாக்கின் சதவீதம், ஆட்களின் சதவீதம் இல்லை. எண்ணிக்கையை அப்படியே போட்டு, "இரட்டை அங்கத்தவர் தொகுதி" எண்டு அடிக்குறிப்பு வையுங்கோ.

உட்துறைமுக வீதி:
ஒரு ஆசனமும் எடுக்காத கட்சி எண்டால் அதோட முடிஞ்சுதா?

கன்னியா:
இல்லை அண்ணை. வி. நவரத்தினத்தின் தமிழர் சுயாட்சிக் கழகத்தைப் பாருங்கோ. 1968இல தமிழரசுக் கட்சியில இருந்து விலக்கப்பட்டு அவர் தொடங்கினது. 1970இல ஊர்காவற்றுறையில அவரே தோத்தவர்; கழகத்துக்கு ஒரு ஆசனமும் இல்லை. ஆனாலும் தனிநாட்டுக் கோரிக்கையின் வரலாறு எழுதின ஆய்வாளர்கள் அதை விட்டுப்போட்டுப் போகேல்லை, ஏன் தோத்தது எண்டும் பேசியிருக்கினம். என்ர கணக்கில அது தாராளமாத் தகும். மறுபக்கம், தேர்தல் திணைக்களப் பதிவில பெயர் இருக்கு எண்டதை மட்டும் வைச்சு வாறவைக்கு நான் இடங்குடுக்கமாட்டன். பதிவு, கட்சி இருந்தது எண்டதுக்கு மட்டும்தான் சான்று.

பழைய தாள்:
"கலைக்கப்பட்டது" எண்டு எழுதவும் அவசரப்படாதேங்கோ. 1977இல தமிழரசுக் கட்சி தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்துக்குப் பின்னால மறைஞ்சு கிடந்தது. 2004இல தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதே தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில கேட்டது. ஆண்டுக்குச் சான்று இல்லையெண்டால் "கடைசியாகப் போட்டியிட்டது" எண்டு நிப்பாட்டுங்கோ.

உட்துறைமுக வீதி:
சரி. ஒற்றுமை முன்னணியைச் சுந்தரலிங்கம் கட்டுரைக்குள்ள ஒரு பத்தியாக்கி, முன்னணியின்ர பெயரைத் தேடுறவை அங்க போய்ச் சேர வழிமாற்று வைக்கிறன். பழைய உரையை அழிக்காமல் பக்கத்தின்ர திருத்த வரலாற்றில விடுறன், பிறகு ஆரும் சான்றோட வந்தால் பிரிச்செடுக்கலாம். தமிழர் மாநாட்டைத் தமிழர் கூட்டணிக் கட்டுரையில இணைக்கிறன். அதுக்கு இப்போதைக்கு அந்த ஒரு வசனம்தான் கையில இருக்கு.